மோட்டார் கடலில் விழுந்த புதன்கிழமை

அந்த வள்ளம் வந்து சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுதந்திரம் கிடைத்ததற்கு மறுவருஷம். என் கணவர் யுத்தகாலத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அஸ்ஸாம், பர்மா எல்லை என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியதும், மாமா அவரைத் தான் கணக்கெழுதும் கடையிலேயே சேர்த்துவிட்டிருந்தார். மாமா, அத்தை என்று நான் சொல்வது என் மாமனாரையும் மாமியாரையும். சாலை என்கிற கடைத்தெருவில் மொத்தப் பலசரக்குக் கடை அது. மிளகாய் மூட்டைகளுக்கும் புளிச் சிப்பங்களுக்கும் நடுவே நாள் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பழைய கடிகாரம், தையல் மிஷின், பக்கத்து வீட்டு சைக்கிள் என்று எதையாவது கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். அப்போதுதான் அவர் முகம் தெளியும்.

கொச்சியில் ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாமல் போனவர், ஒரு லாரியில் ஏறி வந்து இறங்கினார். லாரியின் மேல் பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு அலுமினிய வள்ளம். அதற்குள் சாக்கில் சுற்றி இரண்டு மோட்டார்கள். பட்டாளத்தில் சேர்த்து வைத்த பணம் அதோடு போயிற்று. எங்கள் தெருவுக்குள் லாரி திரும்பவில்லை. கிள்ளியாற்றங்கரையில் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் வள்ளத்தை இறக்கினார்கள்.

மாமா அன்று தோப்புக்கு வரவில்லை. பழைய அலுமினியத்தை உருக்கி விற்கத்தான் மகன் வாங்கியிருக்கிறான், வியாபாரப் புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நாங்களும் அதை மறுக்கவில்லை.

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். வள்ளத்தின் அடிவயிறு முழுக்க நசுங்கல். ஒரு பக்கத்தில் தகடுகளை இணைத்த ரிவிட்டுகள் தெறித்து, தகடு வாய் பிளந்து நின்றது. ஓரிடத்தில் என் கை நுழையும் அளவு ஓட்டை. மோட்டார்களில் ஒன்றின் உள்ளே எறும்புப் புற்று.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடும். ஆத்தைக் கடக்கதுக்கு இதே மாதிரி வள்ளத்தைத்தான் நாங்க அஸ்ஸாம்ல தோள்ல சொமந்தோம். இதோட ஒவ்வொரு எலும்பும் எனக்குத் தெரியும்" என்றார்.

அவரோடு சேர்ந்து சுமந்தவர் ஒருவர் விழிஞ்ஞம் கடற்கரையில் இருந்தார். கடல்காரர், அதே படைப்பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தகவல் கிடைத்த அன்றே வந்துவிட்டார். வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்தார். "நம்மட வள்ளம் தன்னே, அண்ணா!" என்று சொல்லிக் கண் கலங்கினார். என்னைப் பார்த்து, "சேச்சி, இது கடல்ல இறங்கினா நாங்க காத்துக்கு வேண்டிக் காத்திருக்க வேண்டாம், கேட்டோ. மரத்தில போறவன் எத்தற தூரம் துழைவான்? இது பறக்கும்" என்றார். மரம் என்று அவர் சொன்னது கட்டுமரத்தை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போகிறார்கள்.

எங்களுடையது நாஞ்சில் நாட்டுச் சைவக் குடும்பம். மீன் கூடை தெருவில் போனால் அத்தை கதவைச் சாத்துவாள். இதை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டே மாதங்கள் போயின. வேலையும் நடந்தது.

அந்த வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து கனமான இரும்புக் கட்டையை ரிவிட்டின் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். நண்பர் தொழிலுக்குப் போகும் நாட்களில் கட்டை பிடிக்க ஆளில்லை. ஒருநாள் நான் வள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து பிடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தகரம் முழுக்கக் கோயில் மணிபோல அதிர்ந்தது. அன்று இரவு வரை என் காதுக்குள் வண்டு பறந்தது. ஆனால் என் பிடி நகராது என்று அவர் கண்டுகொண்டார். அதன்பிறகு, "நீ பிடிச்சாத்தான் ரிவிட்டு சப்புனு உக்காருது" என்று என்னையே கூப்பிட்டார். அலுமினியப் பாத்திரங்களுக்குப் பிடி வைப்பவர் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் இருந்தார். ரிவிட்டுகளை அவரிடம் வாங்கினோம். பழைய தகட்டுக்கும் ஒட்டுத் தகட்டுக்கும் நடுவே தாரில் நனைத்த துணிக் கீற்றை வைத்து அடித்தோம். தார் என் புடவைகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

மோட்டார்களை அவர் தனியாகத்தான் கழற்றினார். பிஸ்டன்கள் உள்ளே இறுகிப்போயிருந்தன. பல நாட்கள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் தட்டித் தட்டி அசைத்தார். ஒன்றின் தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் இன்னொன்றின் கார்பரேட்டரையும் சேர்த்து ஒரு மோட்டாரை உயிர்ப்பித்தார். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தார். கயிற்றைச் சுற்றி அவர் இழுத்ததும் அது இருமி, வெண்புகை கக்கி, தோப்பையே அதிரவைத்து ஓடியபோது, தென்னையில் இருந்த காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன. அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மோட்டாரை மாட்டும் பின்பலகையை வள்ளத்தின் தகட்டோடு பிணைக்க போல்ட் வேண்டியிருந்தது. இரும்பு போட்டால் கடல் தின்றுவிடும் என்றார் நண்பர். பித்தளைதான் நல்லது என்று இருவருக்கும் தோன்றியது. நல்ல கனமான பித்தளை போல்ட்டுகளாகத் தேடி வாங்கிப் போட்டார்கள். பித்தளையும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றாக இருக்கக் கூடாது, பித்தளை அதை அரித்துவிடும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

ஆற்றில் நானும் ஏறி ஒரு நடை போய் வந்தோம். அந்தச் சேதி சாலைக் கடைத்தெரு முழுக்கப் பரவி மாமாவின் காதுக்கும் போயிற்று. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வள்ளம் எதுக்கு?"

"கடல்ல இறக்கப் போறேன்பா."

"கடல்ல இறக்கி?"

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமா சோற்றைத் தொடாமல் எழுந்து கையைக் கழுவினார். "மச்சம் பிடிக்கவனுக்கு இந்த வீட்டில எலை போட முடியாது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் இவரும் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பார். சண்டை நடந்து ஒரு வழியாக முடிந்திருக்கும்.

விழிஞ்ஞத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டை நண்பர் பார்த்துக் கொடுத்தார். நாங்கள் கிளம்பியபோது அத்தை வாசல்வரை வந்தாள். மாமா கடைக்குப் போயிருந்தார்.

விழிஞ்ஞத்தில் நாங்கள் நன்றாகவே இருந்தோம். நண்பரின் மனைவி எனக்கென்று புதுப் பானை, புது அகப்பை எல்லாம் வாங்கி வைத்தாள். மீன் தொட்ட கையோடு என் அடுக்களைப் பக்கம் வரமாட்டாள். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, இது சுத்தம்" என்று கூப்பிடுவாள். வள்ளம் மற்றவர்களைவிட வெகுதூரம் போய்ச் சீக்கிரம் திரும்பியது. காற்று விழுந்த நாட்களில் கரை சேர முடியாமல் நின்ற கட்டுமரங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரும். முதலில் தகரப் பெட்டி என்று கேலி செய்தவர்கள், பிறகு அதன் சத்தம் கேட்டால் கைகாட்டினார்கள். என் கணவர் கறுத்து இளைத்து, முன்பைவிட நன்றாகத் தூங்கினார். ஆனால் சாப்பிட உட்காரும்போது சிலநாள், "இன்னைக்கு அப்பா கடைக்குப் போயிருப்பாவளா?" என்பார். நான் அத்தையைப் பார்க்க மாதத்துக்கு ஒருதரம் போய் வருவேன். மாமா இருக்கும் நேரத்தில் போனதில்லை.

பின்பலகையில் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உப்பு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுவோம்.

இரண்டாவது வருஷம், மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்திருந்த ஒரு புதன்கிழமை. காலை பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கையில் குடை, தோளில் துண்டு, கடைக்குப் போகும் அதே வெள்ளை வேட்டி. மீன் காயவைத்த மணலில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் ஈரக்கையோடு ஓடினேன்.

"வாங்க மாமா."

"அவன் எங்க?"

"கடலுக்குப் போயிருக்காவ. மத்தியானத்துக்குள்ள வந்திருவாவ."

"சரி, இருக்கேன்" என்றார்.

உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தண்ணி தா மக்களே" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் குடிப்பார் என்று நான் நினைக்கவில்லை. செம்பை நிரப்பி நீட்டினேன். முழுவதையும் அண்ணாந்து குடித்துவிட்டு, மோர் இருக்கிறதா என்று கேட்டு அதையும் குடித்தார்.

முற்றத்தில் இரண்டாவது மோட்டார் பலகையில் மாட்டியபடி நின்றது. அப்போதும் அதன் வேலை முடிந்திருக்கவில்லை. அதன் அருகே போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எது எதைச் சுத்துது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கயிற்றை இழுத்தால் மேலே உள்ள சக்கரம் சுற்றும், அதிலிருந்து பொறி வரும், பெட்ரோல் எரியும், தண்டு சுற்றி அடியிலே விசிறி தண்ணீரைத் தள்ளும் என்று. வரவு செலவு பார்ப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"இதெல்லாம் உனக்கு அவன் சொல்லித் தந்தானா?"

"கூட இருந்து பாத்தேன் மாமா. ரிவிட்டுக்கு நாந்தான் கட்டை பிடிச்சேன்."

"நீயா?" என்றார். என் கைகளைப் பார்த்தார்.

மத்தியானம் ஆயிற்று. சோறும் ரசமும் வைத்தேன், சாப்பிட்டார். வள்ளம் வரவில்லை. கடற்கரைக்குப் போய்க் குடையை விரித்துக்கொண்டு நின்றார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம், "எஞ்சின் வச்ச வள்ளம் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டாராம். அவர்கள் எழுந்து நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, இல்லை என்றார்கள். எனக்குள் பயம் ஏறத் தொடங்கியது. அவர் முன்னால் அதைக் காட்டவில்லை. மணல் சுட்டதால் செருப்பை மாற்றி மாற்றி ஊன்றி நின்றவர், நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் திரும்பி வந்தார். மறுநாள் கடையில் வருஷக் கணக்கு முடிக்க வேண்டும், அந்த பஸ்ஸை விட்டால் போக வழியில்லை என்றார்.

"என்ன விஷயம் மாமா? வந்தா சொல்லுதேன்."

"அவன்கிட்ட நேர்ல சொல்லணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அவன் கடலுக்குப் போகாத நாள் உண்டா?"

"ஞாயித்துக்கிழமை யாரும் போகமாட்டாவ மாமா. எல்லாரும் பள்ளிக்குப் போவாவ." பள்ளி என்று இங்கே மாதா கோயிலைச் சொல்வது.

"அப்பம் ஞாயித்துக்கிழமை வாரேன். சொல்லு."

பஸ் கிளம்பும்வரை நின்றேன். ஜன்னலிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே போனார்.

வள்ளம் இருட்டும் நேரத்தில் வந்தது, சத்தமில்லாமல். இரண்டு பேரும் துடுப்பால் துழைந்து வந்தார்கள். காலையில் திரும்பி வரும் வழியில், பாறைக்கூட்டத்தைத் தாண்டும்போது, போல்ட்டுகளைச் சுற்றி இருந்த தகடு அப்பளம்போல நொறுங்கிப் பின்பலகை பிய்ந்து, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபடியே கடலுக்குள் போய்விட்டது. பாதுகாப்புக்குக் கட்டிய கயிறும் அறுந்தது. பின்னாலிருந்து தண்ணீர் ஏறாமல் படுதாத் துணியைத் திணித்துக்கொண்டு, நீரோட்டம் தெற்கே இழுக்க இழுக்கத் துழைந்திருக்கிறார்கள். நண்பரின் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன.

உயிரோடு வந்தார்களே என்று நான் அழுதேன். அழுது முடிந்த பிறகுதான் மாமா வந்ததைச் சொன்னேன்.

என் கணவர் துடுப்பைக் கீழே போட்டார். "அப்பாவா? இங்கயா?" என்றார். அடுத்த நிமிஷம் ஈர உடுப்போடு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார். பஸ் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து கத்தினேன். தெரிந்தும் ஓடினார். திரும்பி வந்து, "எங்க உக்காந்தாவ? என்ன சாப்பிட்டாவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு நாமளே போவோம்" என்றேன்.

போவதாகத்தான் இருந்தது. மறுநாள் விடியும்போதே சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் வந்து, மோட்டார் விழுந்த இடம் ஆழமில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். பாறைகளுக்கு நடுவே அவர்கள் முங்கித் தேடி, மத்தியானத்துக்கு மேல் கயிறு கட்டித் தூக்கினார்கள். உப்புத் தண்ணீரில் கிடந்த மோட்டாரை வெளியே எடுத்தபிறகு விட்டுவைக்க முடியாது. காற்றுப் பட்டதும் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

"இன்னைக்குக் கழத்தலைன்னா இது செத்துப்போவும்" என்றார் என் கணவர். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "ஞாயித்துக்கிழமை அப்பாவே வாரேன்னு சொல்லியிருக்காவல்லா" என்றார்.

வியாழன் சாயங்காலமும் வெள்ளி முழுக்கவும் முற்றத்தில் உட்கார்ந்து கழற்றினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அப்பா வரும்போது மோட்டாரை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். வேட்டி நனையாமல் உட்கார, வள்ளத்தின் நடுவில் ஒரு பலகை போடலாமா என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை கடையிலிருந்து ஆள் வந்தார். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுப் படுத்த மாமா எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் கைகளை மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் வாடை வந்தது. வீட்டில் எத்தனை தரம் சோப்புப் போட்டும் நகத்தடியில் இருந்த கறுப்பு போகவில்லை. அந்தக் கைகளால்தான் வாய்க்கரிசி போட்டார். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அத்தையிடம் கேட்டேன். மாமா என்ன சொல்ல வந்தார் என்று.

"தெரியாது மக்களே. கூப்பிட வந்தாவளா, ஏச வந்தாவளா, எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள். "ஆனா அன்னைக்கு ராத்திரி வந்து, மருமக மோட்டாரைப் பத்தி வக்கீல் மாதிரி பேசுகான்னு சொன்னாவ. ஞாயித்துக்கிழமை கொண்டு போகணும், முந்திரிக்கொத்து பண்ணுன்னு சொன்னாவ. அதுக்குன்னு பயறு வறுத்து வச்சிருந்தேன்."

அந்த வறுத்த பயறு அடுக்களையில் ஒரு டப்பாவில் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நாள் வைத்திருந்தோம்.

பதினாறு கழிந்ததும் என் கணவர் விழிஞ்ஞத்துக்குப் போனார். மோட்டாரைப் பூட்டி முடித்தார். பின்பலகைக்குப் புதுத்தகடு வைத்து, இந்த முறை அலுமினிய ரிவிட்டே அடித்தார். மோட்டார் முன்பைவிட நன்றாக ஓடியது. ஓடவிட்டு, நிறுத்தி, கயிற்றை நண்பரின் கையில் கொடுத்தார்.

"இனி நீ பாத்துக்கோ. பழுது வந்தா கூப்பிடு, வாரேன்."

"அண்ணா, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து தன்னே..." என்றார் நண்பர்.

"கடலுக்கு இனி வரமாட்டேன்."

அத்தையைத் தனியே விட முடியாது என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் காரணம் சொன்னோம். அது பொய்யுமல்ல. அவருக்கு ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். நண்பர் கூப்பிட்டபோதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மோட்டாரைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, கரையிலிருந்தே திரும்பிவிடுவார். நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் வரை வள்ளம் ஓடியது. அதற்குமேல் ஒட்டுக்குமேல் ஒட்டு வைக்க அதில் தகடு மிச்சமில்லை.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி அவர் என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோயிலுக்கு நடந்துபோகும்போது, திடீரென்று. அப்பா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார், மோரில் உப்பு போட்டேனா, மோட்டாரைத் தொட்டாரா. நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். தொட்டார் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அடுத்த முறை, மேலே உள்ள சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார் என்றேன். இன்னொரு முறை, சுற்றிவிட்டுச் சிரித்தார் என்றேன். மாமா மோட்டாரின் அருகே போனதும், குனிந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பிறகு உண்மையிலேயே அதைத் தொட்டாரா, சக்கரத்தைச் சுற்றினாரா, சிரித்தாரா என்று கேட்டால், இப்போது எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.